ஒரு கட்டளை, பல உலாவிகள்: தானியங்கு மென்பொருள் சோதனை விரிவடைந்த வரலாறு (2004 – 2018)

ஆய்வுச் சுருக்கம்

இணையதளம் ஒன்று எல்லா உலாவிகளிலும் எல்லாத் திறன்பேசிகளிலும் ஒரே வகையில் இயங்குகிறதா என்பதைக் கணினியைக் கொண்டே சோதித்தறியும் முறை, 2004ஆம் ஆண்டு முதல் 2018ஆம் ஆண்டு வரையிலான காலத்தில் வேரூன்றியது. செலினியம், வெப்டிரைவர், அப்பியம் ஆகிய திறந்த மூல மென்பொருள்களின் வளர்ச்சியை முன்னிறுத்தி அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சோதனை பேரளவில் விரிவடையக் கணினிகளின் பெருக்கம் மட்டும் காரணமன்று. உலாவியை இயக்கும் பொறுப்பு சோதனைக் கருவியை எழுதியோரிடமிருந்து உலாவியை உருவாக்கிய நிறுவனங்களுக்கு மாறியதே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இவ்விரிவாக்கம் எட்டாத எல்லை ஒன்றைத் தமிழ் எழுத்துருவாக்கத்தின் வழி இறுதிப் பகுதி சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: தானியங்கு சோதனை, உலாவி, செலினியம், வெப்டிரைவர், அப்பியம், செந்தரம், ஒருங்குறித் தமிழ்.

முன்னுரை

மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் அதனை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆக்கப்பட்டதைச் சோதித்தோரின் வரலாறு அதே அளவு கவனம் பெறவில்லை. ஆயினும், வங்கிக் கணக்கைப் பார்ப்பவரும் தொடர்வண்டிக்கு முன்பதிவு செய்பவரும் தேர்வு முடிவைத் தேடுபவரும் தத்தம் கையிலுள்ள கருவியில் அச்சேவையைப் பெற முடிகிறதா என்பதைச் சோதனையே உறுதி செய்கிறது. ஓர் உலாவியில் மட்டும் சோதிக்கப்பட்ட தளம், பிற உலாவிகளைப் பயன்படுத்துவோரை அறிவிப்பின்றி விலக்கிவிடக்கூடும். எனவே, எத்தனை கருவிகளில் சோதிக்க முடியும் என்னும் வினா பொறியியல் வினாவாக இருப்பதுடன், யாருக்குச் சேவை கிட்டும் என்னும் வினாவாகவும் அமைகிறது.

இக்கட்டுரை முதலில் பல உலாவிகளால் எழுந்த சிக்கலையும், அடுத்துச் செலினியத்தின் தோற்றத்தையும், பின்னர் வெப்டிரைவர் செந்தரமாக உருப்பெற்ற வகையையும் காலமுறைப்படி விளக்குகிறது. திறன்பேசிகளின் வருகையும், பேரளவுச் சோதனையால் எழுந்த நம்பகத்தன்மைச் சிக்கலும் இடையிடையே ஆராயப்படுகின்றன. கருவிகளின் எண்ணிக்கை பெருகினாலும் எதைச் சோதிப்பது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அதற்கு உரைகல்லாகத் தமிழ் எழுத்து இறுதியில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

1. பல உலாவிகள் தந்த சிக்கல்

நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 1994இலும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 1995இலும் வெளிவந்தன. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கினார். அதன்பின் இணையப் பக்கம் வெறும் படிக்கும் தாளாக இல்லாமல், பயனரின் செயலுக்கு எதிர்வினையாற்றும் நிரலாக மாறியது. இரு நிறுவனங்களும் போட்டியின் பொருட்டுத் தத்தமக்கே உரிய கூறுகளைச் சேர்த்தமையால், ஒரே பக்கம் இரண்டிலும் இருவேறு வகையில் தோன்றியது. இந்நிலையை மாற்றும் நோக்குடன் 1998இல் வலைச் செந்தரத் திட்டம் என்னும் இயக்கம் தோன்றியது. உலாவிகள் செந்தரத்தைப் பின்பற்றுகின்றனவா என்பதைக் காட்டும் ஆசிட் சோதனை அதே ஆண்டில் வெளிவந்தது. அதன் அடுத்தடுத்த வடிவங்கள் 2005இலும் 2008இலும் வந்தன.

2001இல் வெளியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 சில ஆண்டுகள் ஏறத்தாழ முழு ஆதிக்கம் செலுத்தியது. அக்காலத்தில் ஓர் உலாவியில் சோதித்தாலே போதும் என்ற எண்ணம் நிலவியது. குறிப்பிட்ட உலாவியில் மட்டுமே தளம் நன்கு தெரியும் என்னும் அறிவிப்பு பல முகப்புப் பக்கங்களில் இடம்பெற்றது. 2003இல் சஃபாரியும், 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் 1.0 பதிப்பும், 2008 செப்டம்பரில் குரோமும் வந்தபின் அந்த எண்ணம் தகர்ந்தது. ஒரே தளத்தைப் பல உலாவிகளில் மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டிய கட்டாயம் பிறந்தது.

மறுபுறம், நிரலைக் கொண்டே நிரலைச் சோதிக்கும் வழக்கம் இக்காலத்தில் நிரலாளரிடையே பரவியிருந்தது. கென்ட் பெக், எரிக் காமா ஆகிய இருவரும் 1997இல் எழுதிய ஜேயூனிட் அதற்கு வழிகோலியது. ஆனால் அது நிரலின் சிறு அலகுகளை மட்டுமே சோதித்தது. பயனர் காணும் பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் நிகழ்வது என்ன என்பதை அறிய, விண்ரன்னர் போன்ற விலையுயர்ந்த வணிக மென்பொருள்களையோ மனித உழைப்பையோ நம்ப வேண்டியிருந்தது.

2. செலினியம்: உலாவிக்குள்ளிருந்து ஒரு தீர்வு

2004இல் சிகாகோ நகரில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ், பணியாளர்களின் வேலை நேரத்தையும் செலவையும் பதியும் உள்ளகச் செயலி ஒன்றைச் சோதிக்க வேண்டியிருந்தது. அவர் கண்ட வழி எளியது. ஜாவாஸ்கிரிப்ட் எல்லா உலாவிகளிலும் இயங்குவதால், சோதனைக் கருவியையே ஜாவாஸ்கிரிப்டில் எழுதி உலாவிக்குள் இயக்கினார். சோதனைப் படிகள் ஓர் அட்டவணையில் கட்டளை, இலக்கு, மதிப்பு என்னும் மூன்று நிரைகளாக எழுதப்பட்டன. நிரலறியாதவரும் அவற்றைப் படிக்க முடிந்தது.

இக்கருவிக்கு இடப்பட்ட பெயரிலேயே அக்காலச் சூழல் பதிந்துள்ளது. வணிகச் சோதனை மென்பொருள் துறையில் மெர்க்குரி என்னும் நிறுவனம் முன்னணியில் இருந்தது. மெர்க்குரி என்பது பாதரசத்தைக் குறிக்கும். பாதரச நஞ்சுக்குச் செலினியம் மாற்று மருந்து என்று ஹக்கின்ஸ் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். அவ்வேடிக்கையே பெயராக நிலைத்தது. கருவி திறந்த மூலமாக வெளியிடப்பட்டதால், விலை கொடுத்து வாங்க இயலாத சிறு குழுக்களும் அதனைப் பெற்றன.

எனினும், உலாவிக்குள் வாழும் நிரல் உலாவியின் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. ஒரு தளத்திலிருந்து வந்த நிரல் வேறொரு தளத்தின் பக்கத்தைத் தொடக்கூடாது என்னும் ஒரே தோற்றுவாய் விதி, பயனரின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது. இதனால், சோதிக்கப்படும் தளம் இருக்கும் சேவையகத்திலேயே செலினியத்தையும் நிறுவ வேண்டியிருந்தது. இத்தடையைக் கடக்க, பால் ஹேமந்த் முதலியோரின் முயற்சியால் செலினியம் ரிமோட் கன்ட்ரோல் உருவானது. இது உலாவிக்கும் தளத்துக்கும் இடையே ஓர் இடைநிலைச் சேவையகத்தை நிறுத்தி, இரண்டும் ஓரிடத்திலிருந்து வருவதாக உலாவியை நம்பவைத்தது. ஜாவா, பைத்தான், ரூபி முதலிய மொழிகளில் சோதனை எழுதும் வாய்ப்பும் இதனால் கிட்டியது. ஜப்பானைச் சேர்ந்த ஷின்யா கசாடானி, பயனரின் செயல்களைப் பதிவுசெய்து மீண்டும் இயக்கிக் காட்டும் பயர்பாக்ஸ் நீட்சியை உருவாக்கி 2006இல் இத்திட்டத்துக்கு வழங்கினார்.

உலாவியை நம்பவைக்கும் இவ்வுத்தி திறமையானதே, ஆனால் நிலையானதன்று. ஜாவாஸ்கிரிப்டால் உண்மையான விசையழுத்தத்தை உண்டாக்க இயலாது; கோப்பைப் பதிவேற்றும் பெட்டியை நிரப்பவும் இயலாது. பாதுகாப்பு விதிகள் இறுகுந்தோறும் உத்தியின் வலிமை குறைந்தது.

3. வெப்டிரைவர்: அணுகுமுறை மாற்றம்

சைமன் ஸ்டூவர்ட் 2006இல் தொடங்கிய வெப்டிரைவர் திட்டம் எதிர்த்திசையில் நடந்தது. உலாவிக்குள் நுழையாமல் அதனைப் புறத்திலிருந்து இயக்குவதே அதன் கொள்கை. ஒவ்வோர் உலாவிக்கும் அதன் இயல்புக்கேற்ற ஓட்டுநர் நிரல் தனித்தனியே எழுதப்பட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு விண்டோஸ் தந்த உள்ளிடைமுகமும், பயர்பாக்ஸுக்கு ஒரு நீட்சியும் பயன்பட்டன. சோதனை எழுதுபவருக்கோ எல்லா உலாவிகளுக்கும் கட்டளைத் தொகுதி ஒன்றே.

செலினியம் பல உலாவிகளை எளிதில் எட்டியது. ஆனால் பயனரைப் போல நடந்துகொள்ள அதனால் இயலவில்லை. வெப்டிரைவர் பயனரைப் போலவே நடந்தது; ஆனால் ஒவ்வோர் உலாவிக்கும் தனி உழைப்பைக் கேட்டது. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்தமையால், இரு திட்டங்களும் இணைவதாக 2009 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. இணைப்பின் பயனான செலினியம் 2.0 பதிப்பு 2011 ஜூலையில் வெளிவந்தது.

இவ்விணைப்பில் கவனிக்கத்தக்க கூறு ஒன்றுண்டு. குரோம் ஓட்டுநரைக் குரோமியம் குழுவும், ஓபரா ஓட்டுநரை ஓபரா நிறுவனமும் தாமே எழுதின. ஏனைய ஓட்டுநர்களைச் செலினியத்தின் தன்னார்வலர்கள் பேணினர். பொறுப்பு மாறத் தொடங்கியதற்கான முதல் அடையாளமாக இதனைக் கொள்ளலாம்.

4. எண்ணிக்கையும் காலமும்

சோதனையின் அளவு எவ்வாறு பெருகுகிறது என்பதை எளிய கணக்கால் விளக்கலாம். 5 உலாவிகள், ஒவ்வொன்றிலும் 3 பதிப்புகள், 3 இயங்குதளங்கள் எனக் கொண்டால் 45 சேர்க்கைகள் வரும். நடைமுறையில் இல்லாதவற்றை நீக்கி 40 எனக் கொள்வோம். தளத்துக்கு 450 சோதனைகள் இருப்பின் மொத்த ஓட்டங்கள் 18,000. ஓர் ஓட்டத்துக்கு அரை நிமிடம் என்றால் 150 மணி நேரம் ஆகும். நாள்தோறும் நிரலை மாற்றும் குழுவுக்கு, ஆறு நாள் கழித்துக் கிடைக்கும் முடிவால் பயனில்லை.

இதற்கு விடையாக, 2008இல் பிலிப் ஹன்ரிகூ செலினியம் கிரிட் என்னும் அமைப்பை உருவாக்கினார். அதில் நடுவே ஒரு மையமும் அதனோடு இணைந்த பல கணுக்களும் இருந்தன. சோதனை தனக்கு வேண்டிய உலாவியை மையத்திடம் கேட்கும். மையம் ஓய்ந்திருக்கும் கணுவைக் கண்டு அதனிடம் பணியை ஒப்படைக்கும். மேற்காட்டிய 150 மணி நேரப் பணி, 30 கணுக்களுக்குப் பகிரப்படின் ஏறத்தாழ 5 மணி நேரத்தில் முடியும்.

கணுக்களைப் பேணுவதே தனித்தொழிலாகவும் மாறியது. ஹக்கின்ஸ் உள்ளிட்டோர் 2008இல் நிறுவிய சாஸ் லேப்ஸ், உலாவிகளை மேகக் கணிமை வழியே வாடகைக்கு வழங்கியது. 2011இல் மும்பையில் ரித்தேஷ் அரோரா, நகுல் அகர்வால் ஆகிய இருவரும் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக் நிறுவனமும் இத்துறையில் வளர்ந்தது. பழைய கணினிகளை அடுக்கி வைக்க இடமற்ற குழுவும் இதன்பின் பல்வகை உலாவிகளில் சோதிக்க முடிந்தது.

பணியைப் பகிர்ந்தவுடன் புதிய குறைகள் வெளிப்பட்டன. வரிசையாக ஓடியபோது வெற்றி பெற்ற சோதனைகள் இணையாக ஓடியபோது தோற்றன. ஒரு சோதனை நீக்கிய பயனர் கணக்கை அதே கணத்தில் மற்றொன்று பயன்படுத்த முயன்றால் இரண்டாவது தோற்கும். ஒவ்வொரு சோதனையும் தனக்கு வேண்டிய தரவைத் தானே உருவாக்கிப் பிறவற்றைச் சாராது நிற்க வேண்டும் என்னும் ஒழுங்கு இவ்வனுபவத்தால் வலுப்பெற்றது. கணுக்களின் பெருக்கம் சோதனை எழுதும் முறையையே மாற்றியமைத்தது எனலாம்.

5. திறன்பேசிகளும் அப்பியமும்

2007இல் ஐபோனும் 2008இல் முதல் ஆண்ட்ராய்டு திறன்பேசியும் விற்பனைக்கு வந்தன. உலாவிக்கு வெளியே தனிச் செயலிகள் பெருகின. திரையளவு, நினைவகம், இயங்குதளப் பதிப்பு ஆகியவற்றில் கருவிக்குக் கருவி வேறுபாடு இருந்தது. ஆப்பிளும் கூகுளும் தத்தம் தளத்துக்கே உரிய சோதனைக் கருவிகளை அளித்தன. ஒன்றுக்கு எழுதிய சோதனை மற்றொன்றுக்கு உதவவில்லை. உலாவிகளின் உலகில் 2004இல் இருந்த நிலையே திறன்பேசி உலகில் மீண்டும் தோன்றியது.

2011இல் ஐபோன் செயலிகளைச் சோதிக்கும் பணியிலிருந்த டான் குயெல்லார், ஆப்பிள் தந்த கருவியைப் பிற நிரல்மொழிகளிலிருந்தும் இயக்கும் வழியைக் கண்டார். 2012இல் இலண்டனில் நடந்த செலினியம் மாநாட்டில் அதனைக் காட்டினார். ஹக்கின்ஸ் அம்முயற்சியில் இணைந்து, வெப்டிரைவரின் கட்டளைமொழியையே திறன்பேசிச் செயலிகளுக்கும் பொருத்தும் கருத்தை முன்வைத்தார். செயலிகளுக்கான செலினியம் என்னும் பொருளில் அது அப்பியம் எனப் பெயர் பெற்றது. அதன் 1.0 பதிப்பு 2014இல் வெளிவந்தது.

சோதனையின் பொருட்டுச் செயலியை மாற்றவோ மீண்டும் தொகுக்கவோ கூடாது என்பது அப்பியத்தின் அடிப்படைக் கொள்கை. பயனர் பெறும் அதே செயலியே சோதிக்கப்பட வேண்டும். அப்பியம் வெப்டிரைவர் கட்டளையைப் பெற்று, அந்தந்தத் தளத்தின் சொந்தக் கருவிக்கு மொழிபெயர்த்து அனுப்புகிறது. இவ்வமைப்பின் பயன் விரைவில் புலப்பட்டது. ஆப்பிள் தன் பழைய கருவியைக் கைவிட்டு எக்ஸ்சியூஐடெஸ்ட் என்னும் புதியதைக் கொணர்ந்தபோது, அப்பியம் தன் உட்பகுதியை மாற்றிக்கொண்டது. திரையுறுப்புகளின் பெயர்கள் மாறியதால் அவற்றைத் தேடும் குறிப்புகளைத் திருத்த வேண்டியிருந்தது. ஆயின், கட்டளைமொழி மாறவில்லை; சோதனைகளை முதலிலிருந்து எழுத நேரவில்லை.

கணினியைப் போலத் திறன்பேசியை எளிதில் மெய்நிகராக்க முடியாது. வேகம், மின்கலப் பயன்பாடு முதலியவற்றை அளக்க உண்மையான கருவியே தேவை. 2016இல் பேஸ்புக் நிறுவனம் ஓரிகன் மாநிலத்தின் பிரைன்வில் நகரிலுள்ள தன் தரவு மையத்தில் ஏறத்தாழ 2,000 திறன்பேசிகளைச் சோதனைக்கென நிறுவியிருப்பதாக அறிவித்தது. ஓர் அலமாரிக்கு 32 திறன்பேசிகள் என அவை அடுக்கப்பட்டன. ஓர் அலமாரியின் கம்பியில்லா அலைகள் அடுத்ததைக் குலைக்காதவாறு அலமாரிகள் காப்பிடப்பட்டன. சட்டைப்பையில் இருக்க வேண்டிய பொருள் தரவு மையத்தின் அடுக்கில் இடம்பெற்றது, சோதனையின் அளவு எத்துணை வளர்ந்தது என்பதைக் காட்டும் சான்றாகும்.

6. பொறுப்பு மாற்றமும் செந்தரமும்

கணுக்கள் பெருகிய அதே காலத்தில், ஓட்டுநர் நிரல்களைப் பேணுவது தன்னார்வலர்களின் வலிமைக்கு மீறியதாயிற்று. உலாவிகள் சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு பதிப்பும் ஓட்டுநரை உடைக்கக்கூடும். இதற்கு 2016ஆம் ஆண்டு நிகழ்வு தக்க சான்று. செலினியத்தின் பழைய பயர்பாக்ஸ் ஓட்டுநர் ஒரு நீட்சியாக இயங்கியது. தீங்கு செய்யும் நீட்சிகளிலிருந்து பயனரைக் காக்க, மொசில்லாவின் கையொப்பம் பெற்ற நீட்சிகள் மட்டுமே இயங்கும் என்னும் விதி பயர்பாக்ஸ் 48ஆம் பதிப்பில் விலக்கின்றி நடைமுறைக்கு வந்தது. அதனுடன் பழைய ஓட்டுநரின் வாழ்நாள் முடிந்தது.

இங்குத் தவறிழைத்தவர் எவருமில்லை. உலாவி தன் பயனரைக் காத்தது. ஓட்டுநர் தன் கடமையைச் செய்தது. உலாவியின் உட்புறம் அறியாதோர் புறத்திலிருந்து அதனை இயக்க முயல்வதே சிக்கலின் வேர். தீர்வும் அங்கிருந்தே வந்தது. தன் திறன்பேசி இயங்குதளத்தைச் சோதிக்க உருவாக்கிய மரியோனெட் என்னும் அமைப்பை மொசில்லா பயர்பாக்ஸுக்குள்ளேயே வைத்திருந்தது. வெப்டிரைவர் கட்டளைகளை அதற்கு மொழிபெயர்க்கும் கெக்கோடிரைவரை மொசில்லாவே எழுதிப் பேணியது. மைக்ரோசாஃப்ட் 2015இல் எட்ஜ் உலாவிக்கும், ஆப்பிள் 2016இல் சஃபாரி 10 பதிப்புக்கும் தத்தம் ஓட்டுநர்களை வழங்கின.

போட்டி நிறுவனங்கள் ஒரே கட்டளைமொழியை ஏற்க, அம்மொழி எவருக்கும் உரிமையற்ற பொதுவிடத்தில் வரையறுக்கப்பட வேண்டியிருந்தது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பில் இதற்கெனப் பணிக்குழு அமைந்தது. சைமன் ஸ்டூவர்ட், டேவிட் பர்ன்ஸ் ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு வெப்டிரைவரின் முதல் வரைவு 2012இல் வெளிவந்தது. அது முறையான பரிந்துரையாக ஏற்கப்பட்டது 2018 ஜூன் 5 அன்று. இடைப்பட்ட காலத்தில் பொத்தானை அழுத்துதல் என்னும் எளிய செயலும் துல்லியமாக வரையறுக்கப்பட வேண்டியிருந்தது. பொத்தான் திரைக்கு வெளியே இருந்தால் என்ன செய்வது, வேறோர் உறுப்பு அதனை மறைத்தால் எந்தப் பிழையைத் தருவது என்பன போன்ற வினாக்களுக்கு எல்லா உலாவிகளும் ஒரே விடை தர வேண்டும். அவ்வாறு தந்தாலன்றி ஒரு சோதனை எல்லா இடத்திலும் ஒரே பொருளைத் தராது.

இதற்கு மாறான போக்கும் உண்டு. 2017இல் குரோம் தன் திரையற்ற இயக்கத்தை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் குரோமின் சொந்த நெறிமுறையைப் பயன்படுத்தும் பப்பெட்டியர் வந்தது. 2020இல் மைக்ரோசாஃப்ட் பிளேரைட்டை வெளியிட்டது. உலாவியுடன் இடையறாத இருவழித் தொடர்பு கொண்டதால் இவை விரைவாகவும் திறமாகவும் இயங்கின. எனினும் குரோமின் நெறிமுறை ஒரு நிறுவனத்தின் விருப்பத்துக்கு மாறக்கூடியது. இருவழித் தொடர்பையே பொதுச் செந்தரமாக்கும் நோக்குடன் வெப்டிரைவர் பைடை என்னும் பணி பின்னர்த் தொடங்கப்பட்டது. விரைவு தேடித் தனிவழி சென்றோரின் பயனைப் பொதுவழிக்குக் கொணரும் முயற்சி இது.

7. பேரளவும் நம்பகத்தன்மையும்

சோதனையின் அளவு பெருகும்போது சிறு குறையும் பெருங்குறையாகிறது. நிரலில் மாற்றமின்றியே ஒருமுறை வென்று மறுமுறை தோற்கும் சோதனையை நிலையற்ற சோதனை என்பர். ஓர் ஓட்டம் காரணமின்றித் தோற்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று எனக் கொண்டாலும், மேற்சொன்ன 18,000 ஓட்டங்களில் சராசரியாக 18 பொய்த் தோல்விகள் எழும். அனைத்தும் ஒருசேர வெல்லும் நாள் நடைமுறையில் வராது. தோல்வி அன்றாடமானால் அதனை எவரும் பொருட்படுத்த மாட்டார். உண்மையான வழுவும் அக்கூட்டத்தில் மறைந்துபோகும்.

கூகுள் 2016இல் வெளியிட்ட செய்தி இதனை உறுதிப்படுத்துகிறது. அந்நிறுவனத்தின் சோதனை ஓட்டங்களுள் ஏறத்தாழ 1.5 விழுக்காடு நிலையற்ற முடிவைத் தந்தன; சோதனைகளுள் ஏறத்தாழ 16 விழுக்காடு ஓரளவேனும் இக்குறை உடையவை. 2014இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பாச்சி அறக்கட்டளையின் திறந்த மூலத் திட்டங்களில் இக்குறையைத் திருத்திய 201 நிரல் மாற்றங்களை ஆராய்ந்தனர். முடிவுறாத செயலுக்குச் சரிவரக் காத்திராமையே முதன்மைக் காரணம் எனக் கண்டனர். பக்கம் ஏற இரண்டு நொடி போதும் எனக் கருதி எழுதிய சோதனை, பளு மிகுந்த கணுவில் மூன்று நொடி ஆகும்போது தோற்கும். குறித்த நேரம் காத்திருப்பதை விட்டு, குறித்த நிலை தோன்றும் வரை காத்திருக்குமாறு எழுதுவதே இதற்குத் தீர்வு. ஆக, மேலும் கணுக்களைச் சேர்ப்பதால் இச்சிக்கல் தீராது. சில வேளைகளில் பெருகும்.

8. தமிழ் எழுத்தும் சோதனையின் எல்லையும்

மேற்கூறிய கருவிகள் யாவும் பக்கத்தின் உரையைக் கேட்டுப் பெற்று, எதிர்பார்த்த உரையுடன் ஒப்பிடுகின்றன. ஆங்கில உரைக்குப் பெரும்பாலும் போதுமான இம்முறை, தமிழுக்கு மூன்று இடங்களில் தடுமாறுகிறது.

முதலாவது, ஒரே எழுத்து இருவகையாகச் சேமிக்கப்படலாம். ஒருங்குறியில் ‘கொ’ என்பதைக் ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரத்துடன் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது ஒருங்குறியின் விதி. ஆனால் இயல்பாக்கம் செய்யாமல் எண்களை மட்டும் ஒப்பிடும் சோதனை, சரியான பக்கத்தையும் பிழை என்று கூறும்.

இரண்டாவது, வேறு எழுத்துகள் ஒன்றுபோலத் தோன்றலாம். ‘ஔ’ என்னும் உயிரெழுத்தையும், ஒகரத்தை அடுத்து ளகரத்தை இட்டு எழுதிய ‘ஒள’ என்பதையும் கண்ணால் பிரித்தறிவது அரிது. இங்கு இயல்பாக்கமும் உதவாது. இரண்டும் வெவ்வேறு உரைகளே. ‘ஔவையார்’ எனத் தேடுபவருக்கு மற்ற வடிவில் எழுதப்பட்ட பக்கம் கிட்டாது.

மூன்றாவது, உரை சரியாக இருந்தும் தோற்றம் பிழையாகலாம். ‘கெ’ என்பதில் கொம்பு ககரத்துக்கு இடப்புறம் தோன்றினும், ஒருங்குறியில் ககரத்துக்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. டிஸ்கி போன்ற முந்தைய குறியேற்றங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தன. ஒருங்குறியிலோ, கொம்பை இடப்பக்கம் கொண்டுவரும் பணி உலாவியும் எழுத்துருவும் சேர்ந்து செய்ய வேண்டியது. அப்பணி தவறினால் கொம்பு வலப்புறம் தனித்து நிற்கும். படிப்பவருக்குச் சொல் சிதையும்; உரையை மட்டும் ஒப்பிடும் சோதனை வெற்றி என்றே அறிவிக்கும். ஆயிரம் கருவிகளில் ஓட்டினாலும் ஆயிரம் முறையும் அதே பொய் வெற்றியே கிட்டும்.

திரைப்படிமங்களை ஒப்பிடுவது ஒரு மாற்றுவழி. ஆனால் இயங்குதளந்தோறும் எழுத்தின் விளிம்பு சற்றே வேறுபடுவதால் பொய்த் தோல்விகள் மிகும். மொசில்லா திட்டத்தில் பயன்பாட்டுக்கு வந்து, இன்று உலாவி நிறுவனங்களின் பொதுச் சோதனைத் தொகுப்பிலும் இடம்பெறும் ஒப்பீட்டுப் பக்க முறை இதனினும் பொருத்தமானது. அம்முறையில் இருவேறு வகையில் எழுதிய இரு பக்கங்கள் ஒரே உலாவியில் ஒரே தோற்றம் தருகின்றனவா என்று பார்க்கப்படும். ‘கொ’ எழுத்தின் இருவகைச் சேமிப்பும் ஒரே தோற்றம் தர வேண்டும் என்பது இம்முறைக்கு இயல்பாகவே பொருந்தும் சோதனை. தமிழின் உயிர்மெய் வரிசைக்கு இத்தகைய பக்கங்களை எழுதுவது நிரலாளருக்கு மட்டும் உரிய பணியன்று. எழுத்திலக்கணம் அறிந்தோரும் ஆற்றத்தக்க பணியாகும்.

முடிவுரை

தானியங்கு சோதனையின் விரிவாக்க வரலாறு மூன்று நிலைகளாக அமைகிறது. முதல் நிலையில், செலினியம் உலாவியை நம்பவைத்து இயக்கியது. இரண்டாம் நிலையில், வெப்டிரைவரும் அப்பியமும் ஒவ்வொரு தளத்துக்கும் ஓட்டுநரை எழுதிக் கட்டளைமொழியை ஒன்றாக்கின. மூன்றாம் நிலையில், அம்மொழி செந்தரமாகி, ஓட்டுநரைப் பேணும் கடமை உலாவியை உருவாக்கியோரைச் சேர்ந்தது. கிரிட்டும் மேகக் கணிமையும் கருவிப் பண்ணைகளும் எண்ணிக்கையைப் பெருக்கின. ஆனால் அவ்வெண்ணிக்கை பொருளுடையதாவதற்கு, எல்லாக் கணுக்களிலும் ஒரே கட்டளை ஒரே பொருளைத் தர வேண்டியிருந்தது. அதனை அளித்தது பொது உடன்பாடே.

உடன்பாட்டின் எல்லையும் இவ்வரலாற்றில் தெளிவாகிறது. கட்டளை எவ்வாறு இயங்க வேண்டும் என்பதைச் செந்தரம் வரையறுக்கும். எதைச் சோதிக்க வேண்டும் என்பதை வரையறுக்காது. கொம்பு இடம் மாறி நிற்பது பிழை என்பதை அறிந்தவர் அதனைச் சோதனையாக எழுதும் வரை எக்கருவியும் அதனைக் கண்டுபிடிக்காது. தமிழ் எழுத்துக்கான ஒப்பீட்டுப் பக்கங்களை முறையாகத் தொகுத்து, பல்வேறு உலாவிகளிலும் திறன்பேசிகளிலும் அவற்றின் முடிவுகளை ஆராய்வது அடுத்தகட்ட ஆய்வுக்குரிய களமாகும்.